கலிபோர்னியாவில் கட்டிட கான்ட்ராக்டர் லைசென்ஸ் வாங்க சைட் அனுபவம் மட்டும் போதுமா? தேர்வு கஷ்டமா?

போதாது. அனுபவம் இருந்தால்தான் தேர்வு எழுதவே விடுவார்கள், அது வேறு விஷயம்.

நான் அங்கே 'பி' வகுப்பு லைசென்ஸில் வேலை எடுத்துச் செய்கிறேன். முழுக் கட்டிடம் எடுப்பவர்களுக்கான பொது லைசென்ஸ் அது. பிளம்பிங் மட்டும், எலக்ட்ரிக்கல் மட்டும் செய்பவர்களுக்கு 'சி' வகுப்பில் தனித்தனியாக உண்டு.

கடந்த 10 வருடத்துக்குள் 4 வருட அனுபவம் காட்ட வேண்டும். எடுபிடி வேலை கணக்கில் வராது. தனியாக விட்டாலும் வேலையை முடித்துக் கொடுப்பவராகவோ, ஆட்களை வைத்து வேலை வாங்குபவராகவோ இருந்திருக்க வேண்டும். அதை நேரில் அறிந்த ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். சிவில் படித்தவர்களுக்குப் படிப்புக்காக அதிகபட்சம் 3 வருடம் வரை கழித்துக்கொள்வார்கள். மீதி ஒரு வருடமாவது சைட்டில் நின்றே ஆக வேண்டும்.

இனி தேர்வு. இரண்டு தாள்: ஒன்று தொழில், இன்னொன்று சட்டமும் வணிகமும். இரண்டும் கம்ப்யூட்டரில், கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். புத்தகம் கொண்டுபோக முடியாது. 'என் நண்பர் புத்தகத்தில் கலர் கலராக ஸ்டிக்கர் ஒட்டி எடுத்துப் போனாரே' என்று கேட்பார்கள். அவர் ஃப்ளோரிடாவில் எழுதியிருப்பார். அங்கே பார்த்து எழுதலாம். டெக்சாஸில் பொது கான்ட்ராக்டருக்கு மாநில லைசென்ஸே கிடையாது. அதனால் யார் சொல்வதையும், எந்த மாநிலம் என்று கேட்டுவிட்டுக் கேளுங்கள்.

தொழில் தாளில் மதிப்பீடு, ஃப்ரேமிங், பூச்சு வேலைகள், பாதுகாப்பு எல்லாம் வரும். சைட்டில் வளர்ந்தவருக்கு இதில் பாதி தண்ணீர் பட்ட பாடு. சறுக்குவது நம் பழக்கத்துக்கும் விதிக்கும் இடையில்தான். 5 அடி ஆழப் பள்ளத்தில் முட்டுக் கொடுக்காமல் ஆள் இறங்குவதைப் பல சைட்டில் பார்த்திருப்பீர்கள். கேள்வித்தாளில் அது தவறான விடை.

என் கருத்தில் நேரத்தைக் கொட்ட வேண்டியது சட்டத் தாளில். ஒப்பந்தம், சம்பளம், வரி, இன்சூரன்ஸ் எல்லாம் இதில்தான். குறிப்பாக லீன், அதாவது செய்த வேலைக்குப் பணம் வராவிட்டால் அந்தச் சொத்தின் மேலேயே உரிமை பதிவது. உரிமையாளரோடு நேரடி ஒப்பந்தம் இல்லாத சப்-கான்ட்ராக்டர், வேலை தொடங்கிய 20 நாளுக்குள் முன்னறிவிப்பு அனுப்ப வேண்டும். வேலை முடிந்ததாக உரிமையாளர் முறைப்படி பதிவு செய்துவிட்டால், நேரடி கான்ட்ராக்டருக்கு லீன் பதிய 60 நாள், சப்புக்கு 30 நாள். பதிவு செய்யாவிட்டால் இருவருக்கும் 90 நாள். இந்த எண்களைத்தான் மாற்றி மாற்றி விடைகளில் வைத்துக் குழப்புவார்கள். வீட்டுச் சீரமைப்பு வேலைக்கு முன்பணமாக ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதமோ 1,000 டாலரோ, எது குறைவோ அதுதான் வாங்கலாம். 40,000 டாலர் வேலைக்கும் 1,000 தான். 'அப்படியானால் மெட்டீரியலை எப்படி வாங்குவது?' என்று கோபம் வரும். வரட்டும், விடையை மட்டும் சரியாகக் குறியுங்கள்.

கோச்சிங் சென்டர் தேவையா என்றும் கேட்கிறார்கள். லைசென்ஸ் தரும் மாநில வாரியமே பாட வழிகாட்டியை இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. படிக்கிற பழக்கம் விட்டுப்போனவர்களுக்கு மாதிரித் தேர்வுகள் உதவும். ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டியதில்லை. தவறினால் எந்தப் பகுதியில் பலவீனம் என்று எழுதித் தருவார்கள், அதை வைத்து மறுபடி எழுதலாம்.

லைசென்ஸ் இல்லாமலே ஓட்டலாமே என்று நினைப்பவர்களுக்கு: லைசென்ஸ் தேவைப்படும் வேலையை அது இல்லாமல் செய்தால், வரவேண்டிய பாக்கிக்கு வழக்குப் போட முடியாது. அதோடு, வாங்கிய பணம் முழுவதையும் திருப்பிக் கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு, வேலை எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

தேர்வு முடிந்தபின் கேட்கும் 25,000 டாலர் பாண்டை, அதாவது ஜாமீன் பத்திரத்தை, பார்த்துப் பின்வாங்கியவர்களும் இருக்கிறார்கள். அவ்வளவு பணத்தைக் கட்டச் சொல்லவில்லை. ஜாமீன் நிறுவனத்துக்குப் பிரீமியம் கட்டினால் போதும், அது உங்கள் கிரெடிட்டைப் பொறுத்து ஏறி இறங்கும்.