பழைய பாய்மரப் படகு வாங்குமுன் சர்வே: சில கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் செசபீக் விரிகுடாவின் கரையிலுள்ள அனாபோலிஸ் நகரைச் சுற்றிய படகுத் துறைகளில், பயன்படுத்திய பாய்மரப் படகுகளைப் பரிசோதிக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். சர்வேயர் என்றதும் நம்மவர்களுக்குச் சங்கிலியோடு நிலம் அளக்க வருபவரே நினைவுக்கு வருவார். படகு சர்வேயர் அளப்பது குறைவு, தட்டுவதும் குனிவதும் முகர்ந்து பார்ப்பதும்தான் அதிகம். 30 முதல் 40 அடி வரையிலான ஃபைபர்கிளாஸ் படகுகளைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: 1984-இல் கட்டப்பட்ட 34 அடிப் படகு ஒன்றை 18,000 டாலருக்குப் பேசியிருக்கிறேன். விற்பவர் மூன்று ஆண்டுகளுக்கு முன் எடுத்த சர்வே அறிக்கையைத் தருகிறார். அது போதாதா?

பதில்: போதாது. மூன்று குளிர்காலங்களில் ஒரு படகுக்கு என்னென்னவோ நேர்ந்திருக்கலாம் என்பது ஒரு காரணம். அந்த அறிக்கை வேறொருவருக்காக எழுதப்பட்டது, அதில் தவறு இருந்தால் அந்த சர்வேயர் உங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர் என்பது இன்னொரு காரணம். மேலும், இவ்வளவு பழைய படகுக்குக் காப்பீட்டு நிறுவனம் பெரும்பாலும் புதிய அறிக்கையையே கேட்கும். கட்டணம் இங்கே அடிக்கு 20 முதல் 30 டாலர் வரை இருக்கிறது. அதாவது உங்கள் படகுக்கு 700 முதல் 1,000 டாலர். படகை நீரிலிருந்து தூக்கிக் காட்டும் செலவு தனி, அதையும் வாங்குபவரே ஏற்பது வழக்கம்.

அமெரிக்காவில் படகு சர்வேயருக்கு அரசு உரிமம் என்று ஒன்று கிடையாது. யார் வேண்டுமானாலும் பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ளலாம். ஆகவே சாம்ஸ், நாம்ஸ் என்ற இரண்டு தொழில்முறைச் சங்கங்களில் ஒன்றின் உறுப்பினரா என்று கேளுங்கள். அதைவிட முக்கியமாக, பாய்மரப் படகுகளைத் தொடர்ந்து பார்ப்பவரா என்று கேளுங்கள். தரகர் ஒரே ஒரு பெயரை மட்டும் சொன்னால், அவர் நல்லவராகவே இருந்தாலும், நீங்களாக இன்னொருவரைத் தேடிக்கொள்வதே நல்லது. சர்வேக்கு முன்பே ஒப்பந்தம் எழுதப்பட்டிருக்க வேண்டும்: விலை, பொதுவாகப் பத்து சதவீத முன்பணம், சர்வேயும் கடல் ஓட்டமும் (படகைக் கடலில் ஓட்டிப் பார்ப்பதும்) திருப்தி அளித்தால் மட்டுமே வாங்குவேன் என்ற நிபந்தனை, முடிவு சொல்ல வேண்டிய தேதி. அந்தத் தேதியைத் தவறவிட்டு முன்பணத்துக்காக அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: சர்வேயருக்குப் பணம் கொடுப்பதற்கு முன்பே, இந்தப் படகு வேண்டாம் என்று நானே முடிவு செய்ய வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில் மேல்தளத்தைப் பாருங்கள். புதியவர்கள் எல்லோரும் படகின் அடிப்பாகத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். ஆனால் பழைய படகுகளைக் கெடுப்பது பெரும்பாலும் கீழிருக்கும் கடல்நீர் அன்று, மேலிருந்து இறங்கும் மழைநீர்.

பெரும்பாலான படகுகளின் மேல்தளம் இரண்டு மெல்லிய ஃபைபர்கிளாஸ் தோல்களுக்கு நடுவே பால்சா மரத்துண்டுகளை வைத்துக் கட்டப்பட்டது. எடை குறைவு, விறைப்பு அதிகம். அருமையான கட்டுமானம்தான், ஆனால் துளை போடாத வரைக்கும். ஓரக் கம்பிகளைத் தாங்கும் தூண்கள், கயிறு கட்டும் கட்டைகள், பாய்க்கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச்சுகள் என்று ஒரு படகின் தளத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட போல்ட் துளைகள் இருக்கும். ஒவ்வொன்றையும் சுற்றியுள்ள அடைப்புப் பசை சில ஆண்டுகளில் காய்ந்து விலகிவிடுகிறது. உள்ளே இறங்கிய நீர் வெளியேற வழியில்லாமல் மரத்தை நனைத்து அழுகச் செய்கிறது; செசபீக் போன்ற குளிர்ப் பகுதிகளில் அந்த நீரே உறைந்து விரிந்து தோலை மரத்திலிருந்து பிரித்தும் விடுகிறது.

காலணியைக் கழற்றிவிட்டு, குதிகாலில் உடல் எடையைப் போட்டுத் தளம் முழுவதும் நடந்து பாருங்கள். எங்காவது மெத்தென்று அமுங்கினாலோ, போல்ட் துளையிலிருந்து பழுப்பு நீர் கசிந்தாலோ அங்கே மரம் அழுகியிருக்கிறது. பிறகு பிளாஸ்டிக் பிடியுள்ள ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிப் பிடித்துத் தட்டிக்கொண்டே செல்லுங்கள். சந்தையில் மண்பானையைச் சுண்டிப் பார்த்து வாங்கியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை: நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், அழுகிய இடம் பொத்தென்று அடங்கும். சர்வேயரும் இதைத்தான் சிறு சுத்தியால் செய்கிறார். கூடவே ஈரமானியும் வைத்திருப்பார். ஈரமானியை மட்டும் நம்புவது பிழை, ஏனெனில் தளத்துக்கு அடியில் உலோகத் தகடோ தண்ணீர்த் தொட்டியோ இருந்தாலும் அதன் முள் ஏறிவிடும்.

ஒருமுறை பளபளவென்று மெருகேற்றிய 36 அடிப் படகில், முந்தைய உரிமையாளர் சூரியத் தகட்டுக்காகப் பொருத்திய தாங்கியின் நான்கு திருகுகளைச் சுற்றி ஒரு கை நீளத்துக்குத் தளம் ஊறிப் போயிருந்தது. ஒரு குழாய் அடைப்புப் பசையில் தடுத்திருக்கலாம். மேல்தோலை வெட்டி எடுத்து, மரத்தை மாற்றி, மீண்டும் ஃபைபர்கிளாஸ் பூசும் வேலைக்குப் படகின் விலையில் பாதி கேட்டார்கள். அந்தப் படகை வாங்க வந்தவர் அன்று மாலையே விலகிக்கொண்டார்.

கேள்வி: அடிப்பாகத்தில் கொப்புளங்கள் இருப்பதாக அறிக்கை சொல்கிறது. ஓடிவிடலாமா?

பதில்: வேண்டாம். வெளிப்பூச்சின் வழியே மெல்ல ஊடுருவும் நீர், உள்ளே கரையக்கூடிய வேதிப்பொருள்களோடு சேர்ந்து அடர்ந்த கரைசலாகி, மேலும் நீரை இழுத்துக்கொண்டு அழுத்தம் கூட்டுவதால்தான் கொப்புளம் எழுகிறது. குத்தினால் வினிகர் வாடையோடு நீர் வரும். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில சிறு கொப்புளங்கள் என்றால் அது தோல் நோய்தான். தோண்டி, உலரவிட்டு, எபாக்ஸி பிசின் வைத்து அடைத்துவிடலாம். அடிப்பாகம் முழுவதும் ஆயிரக்கணக்கில் இருந்தாலோ, ஃபைபர்கிளாஸ் அடுக்குகளே பிரிந்திருந்தாலோ கதை வேறு. படகை நீரிலிருந்து தூக்கிய அன்றே பாருங்கள். வெளியே நின்று காய்ந்தால் கொப்புளங்கள் வற்றிவிடும். அதே வேளையில் சுக்கானின் அடியையும் பாருங்கள். தூக்கிய பிறகும் அதிலிருந்து வெகுநேரம் நீர் சொட்டினால், உள்ளிருக்கும் நுரைப்பொருளும் எஃகுச் சட்டமும் ஊறிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். எனக்குக் கொப்புளத்தைவிட இதுவே கவலை தரும்.

கேள்வி: படகை நிமிர்த்தி வைக்க அடியில் பொருத்தும் கனமான கீல் கழன்று விழுந்த படகுகளைப் பற்றிப் படித்தேன். சர்வேயில் அதைக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: 2014 மே மாதம், ஆன்டிகுவாவிலிருந்து இங்கிலாந்து திரும்பிக்கொண்டிருந்த சீக்கி ரஃபீகி என்ற பெனட்டோ ஃபர்ஸ்ட் 40.7 வகைப் படகு, அட்லாண்டிக்கின் நடுவே கீல் பிரிந்து கவிழ்ந்தது, நால்வர் உயிரிழந்தனர். முன்பு தரைதட்டியதும், அதன்பின் செய்த பழுதுபார்ப்புகளும் சேர்ந்து கட்டமைப்பைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் என்று பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு தன் அறிக்கையில் கூறியது. அந்த வகைப் படகுகளில் உட்புறத்தில் ஒரு சட்டகத்தைத் தனியே வார்த்து அடிப்பாகத்தோடு பசையால் ஒட்டியிருப்பார்கள். கீல் பாறையில் மோதும்போது அதன் பின்முனை மேல்நோக்கி இடித்து அந்த ஒட்டைப் பிரிக்கக்கூடும். சர்வேயர் உள்ளே தரைப்பலகைகளை எடுத்துவிட்டு, சட்டகத்தின் ஓரங்களைத் தட்டிப் பார்ப்பதும், கீலின் முன், பின் முனைகளுக்கு நேர் மேலே விரிசல் தேடுவதும் இதற்காகத்தான். பசைக்கடியில் மறைந்த பிரிவை எல்லா நேரமும் காண முடியாது. எனவே “எப்போதாவது தரைதட்டியதா?” என்ற கேள்வியை விற்பவரிடம் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். செசபீக்கில் அடி சேறு. மெயின் மாநிலக் கரையில் பாறை. படகு எங்கே ஓடியது என்பதும் பதிலின் ஒரு பகுதி.

கேட்டலினா என்ற நிறுவனத்தின் பழைய படகுகளில் கீலும் உடலும் சேரும் இடத்தின் முன்புறத்தில் தெரியும் வளைந்த விரிசலை ‘கேட்டலினா புன்னகை’ என்பார்கள். அது பெரும்பாலும் போல்ட்டுகளை இறுக்கி, அடைத்துச் சரிசெய்யக்கூடியது. ஆனால் அதில் துருநீர் வழிந்தால் போல்ட்டுகளின் நிலையை ஆராயாமல் வாங்காதீர்கள்.

கேள்வி: நான் லண்டனில் இருக்கிறேன். நீர்மட்டத்துக்குக் கீழேயுள்ள குழாய்த் துளைகளைத் திறந்து மூடும் அடைப்பான்கள் பித்தளை என்று சர்வேயர் குறை எழுதியிருக்கிறார். படகு பத்து ஆண்டுதான் பழையது.

பதில்: அவர் எழுதியது சரி. கடல்நீரில் சாதாரணப் பித்தளையிலிருந்து துத்தநாகம் மெல்லக் கரைந்து வெளியேறிவிடும். எஞ்சுவது கடற்பஞ்சு போன்ற செம்பு. சுரண்டினால் மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பு தெரியும். ஐரோப்பியக் கட்டுநர்கள் பலர் செலவு கருதிப் பித்தளையைப் பொருத்தினார்கள், விதிகளும் இடம் கொடுத்தன. வெண்கலமாக மாற்றிவிடுங்கள். இன்னொன்று: உங்கள் நாட்டின் சிறு கப்பல் பதிவேட்டில் பெயர் இருப்பது உரிமைக்குச் சான்று ஆகாது, விற்பனைப் பத்திரங்களின் தொடர்ச்சியைத் தனியே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ‘பாய்மரத்தின் மேற்பகுதி பரிசோதிக்கப்படவில்லை’ என்று எழுதியிருக்கிறார். ஏமாற்றுகிறாரா?

பதில்: இல்லை. பெரும்பாலான சர்வேயர்கள் மரத்தில் ஏறுவதில்லை. அதற்கு ரிக்கர் என்ற கம்பிவடத் தொழிலாளியைத் தனியே அழைக்க வேண்டும். மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகள் எப்போது மாற்றப்பட்டன என்று கேளுங்கள். பத்து ஆண்டுகளைத் தாண்டியிருந்தால் மாற்றும் செலவை விலைப்பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். துருப்பிடிக்காத எஃகு என்ற பெயரை நம்பிவிடாதீர்கள்: காற்றுப்படாத ஈர இடுக்கில்தான் அது அரிக்கப்படுகிறது. கம்பிகளைப் படகுடலோடு பிணைக்கும் பட்டைகள் தளத்தைத் துளைத்து இறங்கும் இடம் அப்படிப்பட்டதே. வெளியே பளிச்சென்றும் தளத்தின் கனத்துக்குள் பாதி அரித்தும் போன பட்டைகளைக் கழற்றியிருக்கிறேன். இங்கேயும் அதே கதைதான்: துளை, பசை, மழைநீர்.

கேள்வி: கடல் ஓட்டத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: நீங்கள் வருவதற்கு முன் இயந்திரத்தை இயக்கி வைக்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், கையை வைத்துப் பார்த்து, சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். குளிர்ந்த டீசல் இயந்திரம் எப்படிக் கிளம்புகிறது என்பதில் பாதி உண்மை இருக்கிறது. நீலப் புகை எண்ணெய் எரிவதையும், விடாத கரும்புகை சுமையையோ காற்றுக் குறைவையோ காட்டும். முழு வேகத்தில் பத்து நிமிடமாவது ஓட்டி வெப்பமானியைப் பாருங்கள். இயந்திர விசையைப் படகின் அடித்துளை வழியே சுழலிக்குக் கொண்டுசெல்லும் வால்வோ பென்டா செயில்டிரைவ் இருந்தால், அடியிலுள்ள ரப்பர் தடுப்பை ஏழு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள், ரசீதைக் கேளுங்கள். பாய்களை எல்லாம் விரித்து ஓடும்போது உள்ளே இறங்கிக் கதவுகளைத் திறந்து மூடுங்கள். துறையில் சரியாக மூடிய கதவு பாயில் காற்று அழுத்தும்போது இறுகினால் படகுடல் முறுக்கிக்கொள்கிறது.

கேள்வி: புளோரிடாவில் பாதி விலைக்கு ஒரு படகு. சூறாவளியில் சேதமான படகோ என்று சந்தேகம்.

பதில்: சந்தேகம் நியாயமானது. 2022-இல் இயன் சூறாவளிக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனங்கள் இழப்பீடு தந்து கைகழுவிய படகுகள் பல மீண்டும் சந்தைக்கு வந்தன. மின்பலகையைத் திறந்து பின்பக்கத்தில் வண்டல் இருக்கிறதா என்று பாருங்கள். அலமாரிகளின் உட்புறத்தில் நீர்மட்டக் கோடு தேடுங்கள். மத்திய அரசின் பதிவு பெற்ற படகானால், கடலோரக் காவற்படையின் ஆவண மையத்திலிருந்து உரிமை வரலாற்றை வாங்கினால், அங்கே பதிவான கடன் பாக்கி இருந்தாலும் தெரிந்துவிடும்.

கேள்வி: அறிக்கையில் 47 குறைகள். எல்லாவற்றுக்கும் விலை குறைக்கக் கேட்கலாமா?

பதில்: கேட்டால் விற்பவர் எழுந்து போய்விடுவார். நாற்பது வயதுப் படகில் 47 என்பது குறைவுதான். காலாவதியான அவசர ஒளிக்குண்டுகள், மங்கிய பாய் உறை போன்றவை படகைப் பார்த்தபோதே தெரிந்தவை. அவற்றை விலையில் ஏற்கெனவே கணக்கிட்டிருக்க வேண்டும். சர்வேக்கு முன் யாருக்கும் தெரியாதிருந்த, பணம் விழுங்கும் நான்கைந்தைப் பிரித்து, படகுத் துறையில் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, அதை முன்வைத்துப் பேசுங்கள். அதோடு, படகை ஏற்கிறேன் என்ற படிவத்தில் கையெழுத்திடும் முன் அறிக்கையைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்புங்கள். எந்தெந்தக் குறைகளைச் சரிசெய்த பிறகே காப்பீடு தருவோம் என்று அவர்கள் சொல்கிறார்களோ, அந்தச் செலவையும் விற்பவரிடம் அதே பேச்சில் வைக்கலாம்.