மலேசியாவின் பிறை நகர முலாம் பட்டறையில் தெறித்த கந்தக அமிலம்

வணக்கம் ஐயா. அடர் கந்தக அமில வாளியில் தண்ணீர் ஊற்றியதும் கொதித்துத் தெறித்ததாகவும், காயத்தில் சோடா மாவு தடவுமாறு மேற்பார்வையாளர் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். தவறு ஊற்றிய வரிசையில்தான் இருக்கிறது. தண்ணீரைவிட ஏறத்தாழ 1.8 மடங்கு கனமான அவ்வமிலத்தின்மேல் தண்ணீர் மிதந்து, கலக்குமிடத்தில் எழும் வெப்பத்தால் நொடியில் ஆவியாகி, அமிலத்தையும் வாரியடிக்கும். அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் வாளியே இளகி வளைந்ததை நான் பார்த்திருக்கிறேன். குளிர்ந்த தண்ணீரில் அமிலத்தைத்தான் சிறிது சிறிதாக, கலக்கிக்கொண்டே விடவேண்டும். சோடா மாவு வேண்டவே வேண்டாம். இனி தெறித்தால், நனைந்த உடையைக் கழற்றிவிட்டு ஓடும் குழாய்நீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள், அதற்குள் ஒருவர் அவசர உதவி எண்ணான 999-ஐ அழைக்கட்டும். வேதிப்பொருளின் ஆபத்துகளையும் முதலுதவியையும் விளக்கும் பாதுகாப்புத் தரவுத் தாளை மலாயிலும் ஆங்கிலத்திலும் தருவது, ஆபத்தான வேதிப்பொருள்கள் குறித்த மலேசியாவின் 2013ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, விநியோகிப்பவரின் கடமை, கேட்டு வாங்குங்கள்.