வாசகர் கேள்வி – பதில்: வன்னிக் குகைகள்

கேள்வி (நெடுங்கேணி மாணவி ஒருவர்): விடுமுறையில் அப்பாவுடன் வவுனியாப் பக்கத்துக் காட்டிலுள்ள குகையொன்றைப் பார்த்தேன். பாடப்புத்தகத்தில் உள்ளதுபோலக் கூரையிலிருந்து தொங்கும் கசிதுளிவீழ் (கல்விழுது) ஒன்றுகூட அங்கே இல்லை. எங்கள் குகைகள் இன்னும் முதிரவில்லையா?

பதில்: வயதில் குறையில்லை, மகளே, கல்தான் வேறு. பாடப்புத்தகப் படம் சுண்ணாம்புக்கற் குகையினுடையது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிச் சுண்ணாம்புக்கல்லை அரித்து இறங்குகிறது. குகைக் கூரையில் துளியாகத் தொங்கும்போது அந்த வாயு வெளியேறிவிட, கரைந்திருந்த சுண்ணாம்பு அங்கேயே படிந்து கசிதுளிவீழாகிறது. இவ்வாறு 10 சென்ரிமீற்றர் நீள்வதற்குப் பெரும்பாலும் 1000 ஆண்டுகள் அளவில் செல்லும்.

வன்னியின் அடிப்பாறையோ பெரும்பாலும் நைஸ் எனப்படும் கடும்பாறை. புவிச்சரிதவியலாளர் அதற்கு ‘வன்னித் தொகுதி’ என்று நம் நிலத்தின் பெயரையே இட்டிருக்கிறார்கள். 50 கோடி ஆண்டுகளுக்கும் மூத்த அந்தக் கல், மழைநீரில் சுண்ணாம்பைப் போலக் கரைவதில்லை. அது வெடிப்பு வழியே பிளந்தும், வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக உரிந்தும், அடிப்பகுதி உளுத்து விழுந்தும், ஒரு பாறை மற்றொன்றின் மேல் சாய்ந்தும் குகையாகிறது. அதனாலேயே வாய் அகன்றும் ஆழம் குறைந்தும், பின்சுவர்வரை வெளிச்சம் விழுமாறும் இருக்கிறது. நீங்கள் பார்த்ததும் அப்படித்தான் இருந்திருக்கும்.

ஐயமிருந்தால், கீழே உதிர்ந்து கிடக்கும் துண்டொன்றை ஆணியால் கீறி, வரும் தூளின்மேல் தேசிக்காய்ப் புளி பிழிந்து பாருங்கள். சுண்ணாம்புக்கல்லாயின் நுரைக்கும், நைஸ் சும்மா கிடக்கும். குகைச் சுவரில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம்.

சுண்ணாம்புக்கல் வன்னிக்கு முற்றிலும் அந்நியமானதன்று. யாழ்ப்பாணத்தின் அடியிலுள்ள மயோசீன் எனப்படும் பழைய புவிக்காலத்துச் சுண்ணாம்புக்கல் மன்னார்க் கரையிலும் முருங்கன் பக்கத்திலும் நிலத்தடியில் இருக்கிறது. கரைந்த பொந்தின் கூரை இடிந்து விழுந்தால் என்னவாகும் என்பதற்குப் யாழ்ப்பாணத்துப் புத்தூரின் நிலாவரைக் கிணறே சான்று. அதன் மேற்பரப்பில் நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருக்கின்றன.

கேள்வி (செட்டிகுளம் வாசகர் ஒருவர்): குகை வாயிலுக்கு மேலே, பாறையின் நெற்றியில், விரல் நுழையுமளவு நீண்ட வெட்டு ஒன்று ஓடுகிறது. அது இயற்கையானதா?

பதில்: அது உளியின் வேலை. மாரிமழை பெய்யும்போது போய்ப் பார்த்தால் விளங்கும்: பாறையில் வழிந்து வரும் நீர், வளைவைப் பற்றிக்கொண்டு உள்ளே ஓடாமல், அந்த விளிம்பில் அறுந்து திரைபோல வெளியே சொட்டும். உள்ளே தங்கிய துறவியர் நனையாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. வெட்டுக்குக் கீழே எழுத்து இருக்கிறதா என்று சாய்வெயிலில் பாருங்கள். வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்தில், கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்துப் பிராமி எழுத்தில், ‘தமெட வணிஜ கஹபதி விசாக’ என்பவரின் குகை என்று பொறிக்கப்பட்டிருக்கிறது; தமிழ் வணிகரான இல்லத்தலைவர் விசாகன் என்பது பொருள். எனக்கு எந்தக் கசிதுளிவீழையும்விட அந்த ஒரு வரியே பெரிது. எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று சுண்ணாம்பு பூசுவதும் கரியால் தேய்ப்பதும் அதனைக் கெடுக்கும். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டத்தின்படி குற்றமும் ஆகும்.

கேள்வி (அதே வாசகர்): இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

பதில்: ஊரறிந்த ஒருவரோடு, பகலில், ஆளுக்கொரு ரோச் விளக்குடன் போங்கள், திரும்பும் நேரத்தை வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். தேன்வதை தொங்கும் பாறையின் கீழ்ப் புகை பிடிக்க வேண்டாம். இருண்ட பொந்தில் கரடி படுத்திருக்கக்கூடும். வௌவால் எச்சம் குவிந்த இடத்தில் தூசியைக் கிளப்புவது நுரையீரலுக்குக் கேடு. பாதையில் மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நின்றால், எத்தனை பேர் அவ்வழியே விறகுக்குப் போய்வந்ததாகச் சொன்னாலும், அந்தக் குகை உங்களுக்கு வேண்டாம்.