முகூர்த்தப் புடவை முதல் மண்டப அட்வான்ஸ் வரை: கல்யாண வீட்டாரின் கேள்விகள்

முகூர்த்த மாதங்கள் நெருங்கும்போது இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி கல்யாணச் செலவைப் பற்றியதாகத்தான் இருக்கும். இந்த முறை ஆறு கடிதங்களை எடுத்துக்கொண்டேன். ஆறையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே பாடம்தான். பேச்சு எழுத்தில் வருவதற்கு முன் பணம் கை மாறக் கூடாது. கடன் வாங்கியும் சிறுகச் சிறுகச் சேர்த்தும் கல்யாணம் செய்கிற குடும்பங்கள் இவை. அதனால் சில பதில்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தங்கை கல்யாணத்துக்கு ஆவணியில் மண்டபம் பிடித்து 60,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தோம். மாப்பிள்ளை வீட்டில் ஒரு துக்கம் நேர்ந்ததால் கல்யாணம் தை மாதத்துக்குத் தள்ளிப்போனது. மூன்று மாதம் முன்பே மண்டபத்தில் சொல்லிவிட்டோம். "அட்வான்ஸ் திருப்பித் தரப்படமாட்டாது" என்று ரசீதின் பின்பக்கம் அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார்கள். ஆனால் அதே தேதியில் அங்கே வேறு கல்யாணம் நடந்திருக்கிறது. பணம் போனது போனதுதானா? (திருநெல்வேலி வாசகர்)

போகவில்லை. உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் உங்கள் பலம். அதே தேதிக்கு மண்டபம் வேறொருவருக்குப் போயிருக்கிறது என்றால் உங்களால் அவர்களுக்கு நஷ்டம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 74, ஒப்பந்தம் முறிந்தால் நியாயமான இழப்பீடு மட்டுமே கேட்கலாம் என்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், உண்மையான நஷ்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத அபராதத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டும் நிபந்தனையை "நியாயமற்ற ஒப்பந்தம்" என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. அச்சடித்து வைத்துவிட்டால் எல்லாம் சட்டமாகிவிடாது.

முதலில் ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். என்றைக்கு பதிவு செய்தீர்கள், என்றைக்கு ரத்து செய்தீர்கள், அந்தத் தேதியில் வேறு கல்யாணம் நடந்தது, ஆகவே அலுவலகச் செலவுக்கு நியாயமான ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு மீதியை 15 நாளில் தரவும் என்று எழுதினால் போதும். அந்த வேறு கல்யாணத்தின் பத்திரிகை ஒரு பிரதி கிடைத்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அதைவிட நல்ல சாட்சி இல்லை. தபாலுக்குப் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதிலும் முடியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்கு வழக்குக் கட்டணம் கிடையாது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.

இனி மண்டபம் பிடிக்கப் போகிறவர்களுக்கு. வாடகை எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். கரண்ட் யூனிட்டுக்கு எவ்வளவு, சாவி வாங்கும்போது மீட்டர் ரீடிங்கை நம் ஆள் முன்னால் குறிப்பார்களா, ஜெனரேட்டர் ஓடினால் மணிக்கு எவ்வளவு, சுத்தம் செய்யும் கூலி தனியா, பாத்திர வாடகை தனியா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். முந்தின நாள் எத்தனை மணிக்குச் சாவி தருவார்கள், மறுநாள் எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்பதும் முக்கியம். வெளியாள் சமைத்தாலோ மேடை அலங்காரம் செய்தாலோ தனிக் கட்டணம் கேட்கிற மண்டபங்கள் இருக்கின்றன. வாடகைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, 2 லட்சம் வாடகை என்றால் அதற்கே 36,000 ரூபாய். இத்தனையும் ரசீதிலோ ஒரு வெள்ளைத்தாளிலோ எழுதி மேனேஜர் கையெழுத்துப் போட்ட பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். தேதி தள்ளிப்போனால் என்ன செய்வார்கள் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். நல்ல காரியம் பேசும்போது இதைக் கேட்கலாமா என்று பெரியவர்கள் தயங்குவார்கள். கேட்கத்தான் வேண்டும்.

பெண்ணுக்கு 5 சவரனில் ஆரம் எடுக்கிறோம். ஒரு கடையில் சேதாரம் 18 சதவீதம், இன்னொரு கடையில் 12. "எங்கள் வேலைப்பாடு வேறு" என்கிறார் முதல் கடைக்காரர். எதை நம்புவது? (மதுரை வாசகி)

கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். எளிதாக இருக்கட்டும் என்று கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். 5 சவரன் என்பது 40 கிராம், 4,00,000 ரூபாய். 18 சதவீதச் சேதாரம் 7.2 கிராம், அதாவது 72,000. 12 சதவீதம் என்றால் 48,000. இதன் மேல் 3 சதவீத ஜிஎஸ்டியும் சேரும்போது இரண்டு கடைக்கும் வித்தியாசம் 24,720 ரூபாய். பட்டுப்புடவையே எடுத்துவிடலாம்.

சேதாரத்துக்கு அரசு விலை வைக்கவில்லை. அது முழுக்க முழுக்கப் பேரம். நகாசு வேலை, கோயில் நகை வடிவம் என்றால் உழைப்பு கூடுதல்தான், மறுக்கவில்லை. மெஷினில் அறுத்த சங்கிலிக்கும் அதே சதவீதம் கேட்டால் எழுந்துவிடுங்கள். சேதாரத்தைக் குறைத்துச் சொல்லிவிட்டு செய்கூலியைத் தனியாகச் சேர்ப்பவர்களும் உண்டு. அதனால் "எல்லாம் சேர்த்து என் கையில் வாங்கும்போது எவ்வளவு?" என்று மொத்தத் தொகையைக் கேட்டு, அதை வைத்துக் கடைகளை ஒப்பிடுங்கள்.

தரத்தில் பேரமே வேண்டாம். 2023 ஏப்ரல் 1 முதல் 6 இலக்க எச்யுஐடி (ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகத் தரும் அடையாள எண்) இல்லாத ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது. நகையில் மூன்று முத்திரை இருக்கும்: பிஐஎஸ் எனப்படும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முக்கோணம், 22K916 என்ற தரம், எழுத்தும் எண்ணும் கலந்த அந்த 6 இலக்கம். கடையிலேயே பூதக்கண்ணாடி கேட்டு வாங்கி அந்த எண்ணைப் படித்து, செல்போனில் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பாருங்கள். ஆரம் என்று வாங்கியதற்கு மோதிரம் என்று வந்தால் அங்கேயே கேளுங்கள். ஹால்மார்க் கட்டணம் நகை ஒன்றுக்கு 45 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும்தான், எடை எவ்வளவாக இருந்தாலும் அவ்வளவே.

தாலி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 2 கிராமுக்குக் குறைவான உருப்படிகளுக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. தாலிக்கொடியில் கோர்க்கும் குண்டு, காசு, சின்ன உருக்கள் பல இந்த எடைக்குள்தான் வரும். அதனால் அவற்றின் தரத்தை பில்லில் தனியாக எழுதி வாங்குங்கள். கல் வைத்த நகையென்றால் கல் எடை நீக்கிய நிகர எடை பில்லில் இருக்க வேண்டும், இது விதி. சந்தேகம் இருந்தால் ஹால்மார்க் மையத்தில் நீங்களே சோதிக்கலாம், நான்கு உருப்படி வரை 200 ரூபாய். தரம் குறைவு என்று தெரிந்தால், குறைந்த தரத்துக்கான தொகையைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் கடைக்காரர் தர வேண்டும் என்று 2018-ஆம் ஆண்டு பிஐஎஸ் விதிகள் சொல்கின்றன. பில் இல்லாமல் இதில் ஒன்றும் நடக்காது.

கல்யாணம் அடுத்த வருடம். மாதம் 10,000 ரூபாய் நகைச்சீட்டு கட்டலாமா? (சேலம் வாசகி)

கட்டலாம், இரண்டு விஷயம் பார்த்துவிட்டு. முதலாவது, கட்டும் பணம் ஒவ்வொரு மாதமும் அன்றைய விலைக்குக் கிராமாக வரவாகிறதா, அல்லது கடைசியில் பணமாகவே நிற்கிறதா? விலை ஏறும் காலத்தில் கிராமாக ஏறுவதே நல்லது. இரண்டாவது, "சேதாரம் இல்லை" என்றால் எத்தனை சதவீதம் வரை, எந்த நகைகளுக்கு? ஆரம், ஒட்டியாணம் போன்ற வேலைப்பாடு நகைகளுக்குச் சலுகை இல்லையென்று கடைசி நாளில் சொல்வது பல கடைகளில் நடக்கிறது.

எல்லா இடத்திலும் 11 மாதம் என்று ஏன் இருக்கிறது தெரியுமா? பொருளுக்காக வாங்கும் முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துத் தீர்க்காவிட்டால் கம்பெனிச் சட்ட விதிகளின்படி அது டெபாசிட் ஆகிவிடும். ஆகவே 18 மாதம், 24 மாதம், கூடவே வட்டி என்று யாராவது சொன்னால் தூரப் போய்விடுங்கள். வங்கியில் போட்ட பணத்துக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு, நகைச்சீட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. கடையை மூடிவிட்டு ஓடியவர்களால் கல்யாணம் நின்ற வீடுகளை இந்த மாநிலம் பார்த்திருக்கிறது. அதனால் ஒரே கடையில் மொத்தச் சேமிப்பையும் போடாதீர்கள். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்னால் முடிகிற மாதிரி ஆரம்பியுங்கள். ஒவ்வொரு ரசீதையும் வையுங்கள். மோசம் போனால் பொருளாதாரக் குற்றப்பிரிவில் முதலில் கேட்பது அதைத்தான்.

முகூர்த்தப் பட்டு அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது? (காரைக்குடி வாசகி)

சில்க் மார்க் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அது மத்திய பட்டு வாரியத்தின் ஏற்பாடு, நூல் முழுக்க இயற்கைப் பட்டு என்பதற்கான உறுதி. ஜரிகை அசலா, கைத்தறியில் நெய்ததா என்பதை அது சொல்லாது. இதைப் பலர் கவனிப்பதில்லை. விலையின் பெரும்பகுதி ஜரிகையில் இருப்பதால் "அசல் ஜரிகை" என்றோ "டெஸ்டட் ஜரிகை" (செம்புக் கம்பியில் செய்த மலிவு வகை) என்றோ பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அதுவே பதில். ஜரிகை இழையைப் பிரித்தால் நடுவில் சிவப்புப் பட்டு நூல் இருந்தால் அசலாக இருக்க வாய்ப்பு அதிகம், முழு உறுதி சோதனைக் கருவியில்தான். முந்தானை நுனியில் ஓர் இழை எடுத்துக் கொளுத்தினால் பட்டு முடி கருகிய வாடை அடித்துப் பொடியாகும், பாலியெஸ்டர் உருகி உருண்டையாகும். உடலும் கரையும் வேறு நிறத்தில் கோர்வை போட்டு நெய்த காஞ்சிபுரம் வேண்டுமென்றால் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், இணைப்பு இழைகள் தெரியும்.

சமையல்காரர் "பில் போட்டால் ஜிஎஸ்டி வரும், ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள்" என்கிறார். மொத்தம் மூன்றே கால் லட்சம். சரியா? (கும்பகோணம் வாசகர்)

வேண்டாம். ஒரே நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி கூடாது, வாங்குபவருக்கு அதே அளவு அபராதம். மூன்று தவணையாகப் பிரித்தாலும் கல்யாணம் ஒன்றுதான். உங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால், சாம்பார் புளித்துப் போனாலோ பந்தி பாதியில் நின்றாலோ கேட்க ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது. கேட்டரிங்குக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். அவர் ஜிஎஸ்டி பதிவு செய்யாதவர் என்றால் வரி வாங்கவே கூடாது, பில் மட்டும் தரலாம். பில்லில் எஃப்எஸ்எஸ்ஏஐ எண் (உணவுப் பாதுகாப்பு உரிம எண்) இருக்கிறதா என்றும் பாருங்கள், 2022 முதல் அது கட்டாயம்.

சண்டை பெரும்பாலும் இலைக் கணக்கில்தான் வரும். என் தம்பி கல்யாணத்தில் காலை டிபனுக்கு 410 இலை என்று சமையல் கான்ட்ராக்டர் கணக்குக் கொடுத்தார். எங்கள் பெரியப்பா பந்திக்குப் பந்தி கோடு போட்டு வைத்திருந்தார், 338. தாளைக் காட்டியதும் பேச்சே இல்லாமல் குறைத்துக்கொண்டார். உங்கள் வீட்டிலும் நம்பிக்கையான ஒருவரை அந்த வேலைக்கே உட்கார வையுங்கள். ஒவ்வொரு பந்தி முடிந்ததும் இரண்டு தரப்பும் எண்ணைக் குறித்துக் கையெழுத்துப் போடுவது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். குறைந்தபட்சம் இத்தனை இலைக்குப் பணம் என்ற எண்ணை வரவேண்டிய கூட்டத்தைவிடக் கொஞ்சம் குறைத்தே ஒத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணம் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. முழுப் பணமும் கொடுத்தாயிற்று. ஆல்பம் வரவில்லை. ஆனால் எங்கள் படங்களைப் போட்டோகிராபர் தன் இன்ஸ்டாகிராமில் விளம்பரத்துக்குப் போட்டிருக்கிறார். மனைவி அழுகிறார். (கோயம்புத்தூர் வாசகர்)

உங்கள் மனைவியின் வருத்தம் எனக்குப் புரிகிறது. சட்டமும் அவர் பக்கம்தான் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17-இன்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவரே, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை. கேமரா அவருடையது, படம் உங்களுடையது. முதலில் நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துப் படியுங்கள். உரிமை தனக்கே என்றோ விளம்பரத்துக்குப் பயன்படுத்துவோம் என்றோ வரி இருந்தால் நிலைமை மாறும். அப்படி இல்லையென்றால் படங்களை நீக்கச் சொல்லி இன்றே எழுத்தில் அனுப்புங்கள். அதற்கு முன் அந்தப் பதிவுகளைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிடுங்கள், நீக்கிய பிறகு சாட்சி இருக்காது.

ஆல்பம் தனி விவகாரம், சேவைக் குறைபாடு. எந்தத் தேதிக்குள் தருவதாகச் சொன்னார் என்று வாட்ஸ்அப்பில் தேடுங்கள், "அடுத்த வாரம் தருகிறேன்" என்று அவர் அனுப்பிய செய்திகளே போதுமான ஆதாரம். எடிட் செய்யாத மூலப் படங்கள் முழுவதையும் ஹார்ட் டிஸ்க்கில் முதலில் வாங்கிவிடுங்கள். ஆல்பத்தை வேறு யாரிடமும் போட்டுக்கொள்ளலாம், தாலி கட்டும் நேரத்தைத் திரும்ப எடுக்க முடியாது. மூலப் படங்களைத் தர 10 நாள் அவகாசம் கொடுத்து எழுதுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் 1915, அப்புறம் ஆணையம். ஆல்பத்துக்கான தொகையோடு மன உளைச்சலுக்கான இழப்பீட்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

இனிப் பதிவு செய்யப் போகிறவர்கள் ஆல்பம் கைக்கு வரும்வரை மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது நிறுத்தி வையுங்கள். எத்தனை பக்க ஆல்பம், எத்தனை நாளில், யார் நேரில் வந்து எடுப்பார், மூலப் படங்கள் தருவாரா, அனுமதி இல்லாமல் வெளியிடமாட்டாரா என்ற ஐந்தையும் எழுதி வாங்கிய பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.