வாசகர் கேள்வி–பதில்: கலை வரலாற்றில் ஆனர்ஸ் ஆய்வேடு

பிப்ரவரியில் வகுப்புகள் தொடங்கியதும் ஆனர்ஸ் ஆய்வேடு பற்றிக் கடிதங்கள் குவிந்துவிட்டன. பெரும்பாலும் கோயில், காவடி, சுதைச் சிற்பம் சார்ந்த தலைப்புகள். நம் பிள்ளைகள் நம் கோபுரங்களை ஆய்வுப் பொருளாக எடுப்பது மகிழ்ச்சியான செய்தி. அதனால் இந்த இதழ்ப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

என் மகள் 'நேட்டாலின் இந்துக் கோயில்கள்' என்று தலைப்பு எழுதிக் கொடுத்தாள். நெறியாளர் திருப்பி அனுப்பிவிட்டார். அதில் என்ன குறை? – ஒரு தாய், சாட்ஸ்வர்த்

குறை அளவில்தான், அம்மா. நம் தென்னாப்பிரிக்காவில் ஆனர்ஸ் என்பது மூன்றாண்டுப் பட்டத்துக்குப் பிறகு வரும் தனிப் பட்டம். மொத்தம் 120 கிரெடிட். அதில் குறைந்தது 30 ஆய்வுக்கு. ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேர உழைப்பு என்பது கணக்கு. அப்படியானால் ஆய்வேட்டுக்குச் சுமார் 300 மணி நேரம். நேட்டால் கோயில்களை எல்லாம் ஒருமுறை சுற்றிப் பார்க்கவே அது போதாது. போதாக்குறைக்கு, தென்னாப்பிரிக்கக் கோயில்களைத் தொகுத்து டர்பன் கட்டடக் கலைஞர்கள் மூவர் 1982-லேயே நூல் வெளியிட்டுவிட்டார்கள். அதைச் சுருக்கி எழுதினால் மகளுக்கென்று சொல்ல எதுவும் மிஞ்சாது.

ஒரு கோயில், அதில் ஒரு பகுதி, அதைப் பற்றி ஒரு கேள்வி. இந்த அளவுக்கு இறங்கி வரச் சொல்லுங்கள். கேட்டோ மேனரில் உள்ள அம்பலவாணர் ஆலயத்தை எடுத்துக்கொள்வோம். 1875-ல் உம்பிலோ ஆற்றங்கரையில் கட்டிய கோயிலை 1905 வெள்ளம் அழித்தது. இப்போதைய கோயில் 1947-ல் எழுந்தது. பழைய கோயிலிலிருந்து மீட்ட கதவுகள் இதில் பொருத்தப்பட்டிருக்கின்றன. அந்தக் கதவுகள் மட்டுமே ஓர் ஆய்வேட்டுக்குத் தாராளம். செதுக்கலில் என்னென்ன உருவங்கள், எந்த வரிசையில்? பழைய கதவுக்கு ஏற்பப் புது வாசல் அமைந்ததா, வாசலுக்கு ஏற்பக் கதவை வெட்டிச் சேர்த்தார்களா? இதற்கு விடை நூலகத்தில் இல்லை, கதவின் முன்னால் நின்றால்தான் கிடைக்கும். மவுண்ட் எட்ஜ்கோம்பில் கிஸ்தப்ப ரெட்டி 1898-ல் கட்டிய கணேசர் கோயிலிலும் இதே வழியில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுக்கலாம்.

மணிக்கணக்கை இப்படிப் பிரித்துப் பார்க்கலாம்: வாசிப்புக்கு 60, களத்துக்கு 50, பேட்டிக்கு 40, எழுத்துக்கு 110, படங்களைச் சீராக்க 20, திருத்தத்துக்கு 20. பலரும் வாசிப்பிலேயே ஜூலைவரை ஓட்டிவிட்டு அக்டோபரில் எழுத உட்காருகிறார்கள். முதல் களப்பணி முடிந்த வாரத்திலேயே பொருளைப் பற்றிய வருணனையை 1,000 சொல்லில் எழுதிவிட வேண்டும். எழுதும்போதுதான் எதைப் பார்க்கத் தவறினோம் என்று தெரியும். திரும்பிப் போக அப்போது நாள் இருக்கும்.

எங்கள் கோயில் கோபுரத்துக்குப் போன கும்பாபிஷேகத்தில் புது வண்ணம் அடித்துவிட்டார்கள். பழைய நிறத்தை அறியக் கொஞ்சம் சுரண்டிப் பார்க்கலாமா? – மாணவர், ஃபீனிக்ஸ்

வேண்டவே வேண்டாம், தம்பி. 60 ஆண்டுக்கு மேற்பட்ட கட்டடத்தில் அனுமதியில்லாமல் கைவைப்பதை 1999-ஆம் ஆண்டின் தேசிய மரபுவளச் சட்டம் தடுக்கிறது. குவாசூலு-நேட்டாலில் அந்த அனுமதிக்கு மாகாண மரபுவள அமைப்பான அமாஃபாவை அணுக வேண்டும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், சுரண்டிய இடத்தில் மழைத் தண்ணீர் இறங்கும்.

ஏற்கெனவே உடைந்த இடங்களைத் தேடுங்கள். மயில் தோகையின் நுனி, துவாரபாலகரின் கால் கட்டைவிரல், கதாயுதத்தின் முனை என்று வெளியே நீட்டிக்கொண்டிருப்பவைதான் முதலில் உடையும். உடைந்த விளிம்பைப் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸில் பாருங்கள். மேலே பளபளக்கும் எனாமல் நீலம், அதன் அடியில் மங்கிய பச்சை, அதற்கும் அடியில் சுண்ணாம்பு வெள்ளை என்று வெங்காயத் தோல் மாதிரி அடுக்குகள் தெரியலாம். மேலிருந்து எண்ணிட்டு வரைந்துகொள்ளுங்கள். ஓரிடத்தோடு நிறுத்தாமல் ஐந்து இடங்களிலாவது பாருங்கள். அடுக்கு குறைவாக உள்ள இடம் பிற்காலத்தில் பூசிச் சரிசெய்ததாக இருக்கலாம். அடியில் உள்ள வெள்ளையைப் பழைய நிறம் என்று உடனே முடிவு கட்டவும் கூடாது, அது பூச்சுக்கு முந்தைய அடிப்பூச்சாகவும் இருக்கலாம்.

கோயில் முன்னால் எடுத்த பழைய கல்யாணப் படங்கள் பெரிய புதையல். ஆனால் பழைய வண்ணப் படங்களில் சாயம் வெளுத்து, படம் முழுவதும் சிவப்பேறியிருக்கும். படத்தில் இருப்பவரின் வெள்ளை வேட்டியைப் பாருங்கள். வேட்டியே இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் கோபுரத்தின் நிறத்தையும் அந்த அளவுக்குக் கழித்துத்தான் படிக்க வேண்டும். கறுப்பு வெள்ளைப் படத்தில் அடர்த்தி தெரியும், நிறம் தெரியாது.

ஒரு வேண்டுகோள்: சிற்பத்தில் வெடிப்பைப் பார்த்ததும் வேலை மோசம் என்று எழுதிவிடாதீர்கள். டர்பனின் உப்புக் காற்றில் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்துப் பருத்து, மேலே உள்ள சாந்தைப் பிளக்கும். வெடிப்பின் ஓரத்தில் துருக்கறை ஒழுகியிருந்தால் அதுதான் காரணம். சுண்ணாம்புச் சாந்தின் மேல் எண்ணெய் எனாமல் அடித்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற முடியாமல் பூச்சு கொப்பளிக்கும்.

படம் எடுக்க: கிழக்கு முகத்துக்குக் காலை, மேற்கு முகத்துக்கு மாலை. நிறம் முக்கியமென்றால் மேகமூட்டமான நாள். புடைப்பு முக்கியமென்றால் பக்கவாட்டில் விழும் வெயில். ஒவ்வொரு வரிசையிலும் முதல் படத்தில் அளவுகோலும் வண்ண அட்டையும் இருக்கட்டும். கோப்பின் பெயரிலேயே தேதி, முகம், கோபுர நிலை, எண் நான்கும் வரட்டும். மூன்று பிரதிகள் வையுங்கள்; அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும்.

பழைய காவடி அலங்காரம் பற்றி ஆயாவிடம் பேட்டி எடுத்துவிட்டேன். பல்கலைக்கழக அறநெறிக் குழுவின் அனுமதிக்கு முன்னால் எடுத்ததைச் சேர்க்கக் கூடாது என்கிறார்கள். சொந்த ஆயாவிடம் பேசவுமா அனுமதி? – மாணவி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பேச அனுமதி வேண்டாம். பேசியதை ஆய்வுத் தரவாக்கத்தான் அனுமதி வேண்டும், அதை முன்தேதியிட்டும் தரமாட்டார்கள். மார்ச்சிலேயே விண்ணப்பித்துவிடுங்கள், முடிவு வரப் பல வாரங்கள் ஆகலாம். கோயிலில் ஆய்வு என்றால் கோயில் நிர்வாகக் குழுவின் அனுமதிக் கடிதமும் கேட்பார்கள். குழு எப்போது கூடுகிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள், ஒரு கூட்டம் தவறினால் ஒரு மாதம் போய்விடும்.

அனுமதி வந்ததும் ஆயாவிடம் மறுபடி உட்காருங்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். பெயர் போடலாமா என்பது அவர் முடிவு. 'அந்தக் காலத்துக் காவடி எப்படி இருந்துச்சு, ஆயா?' என்றால் 'நல்லா இருந்துச்சு கண்ணு' என்பதோடு நின்றுவிடும். ஒரு பழைய படத்தைக் கையில் கொடுத்து, 'இந்த வளைவு மூங்கிலா, கம்பியா? பூவை யார் கட்டினது? காகிதப் பூ எப்போ வந்துச்சு?' என்று கேளுங்கள். ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க ஐந்து மணி நேரமாவது பிடிக்கும், மொழிபெயர்ப்பு தனி. எனவே மூன்று பேட்டி போதும். அவர் சொல்லும் தொழிற்சொற்களைத் தமிழிலேயே வைத்து அடிக்குறிப்பில் விளக்குங்கள்.

கோயில் கட்டிய கொத்தனாரின் பெயர் கல்வெட்டில் தமிழில் இருக்கிறது. நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் கப்பல் பட்டியலில் அவரைக் காணோம். – மாணவர், லெனேசியா

ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பட்டியல் அது. முனுசாமி 'மூன்சாமி' ஆவார், கவுண்டர் 'கோவெண்டர்' ஆவார், முதலி 'மூட்லி' ஆவார். அதனால் பெயரை மட்டும் நம்பித் தேடாதீர்கள். பட்டியலில் குடியேற்ற எண், தந்தை பெயர், வயது, ஊர், மாவட்டம், உடல் அடையாளம் எல்லாம் இருக்கும். இவற்றில் மூன்று விவரங்களாவது பொருந்தினால்தான் அவர் என்று சொல்லலாம். பெயர் மட்டும் ஒத்துப்போனால் 'இருக்கலாம்' என்று எழுதுங்கள். 1860 முதல் 1911 வரை வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல், ராமசாமிகள் ஏராளம். அவர் ஒப்பந்தக் கூலியாக இல்லாமல், சொந்தச் செலவில் வந்தவராக இருந்தால் இந்தப் பட்டியலில் பெயரே இருக்காது. கோயில் மலர்களையும் பழைய பத்திரிகைகளையும் குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் தேடிப் பாருங்கள்.

ஓர் ஓவியரின் படத்தை ஆய்வேட்டில் சேர்க்க அனுமதி வாங்க வேண்டுமா? – மாணவி, டர்பன்

ஓவியர் இறந்து 50 ஆண்டுகள் ஆகும்வரை பதிப்புரிமை உண்டு. தேர்வாளர்களுக்குக் கொடுக்கும் பிரதியில் பிரச்சினை எழுவது அரிது. ஆனால் பல்கலைக்கழகம் ஆய்வேட்டை இணையத்தில் ஏற்றினால் கதை வேறு. ஓவியருக்கோ குடும்பத்தாருக்கோ இப்போதே கடிதம் எழுதுங்கள். எந்தப் படம், என்ன அளவு, இணையத்தில் வருமா என்ற மூன்றையும் அதில் குறிப்பிடுங்கள். ஓவியத்தை வைத்திருக்கும் அருங்காட்சியகத்தின் சம்மதம் தனியாக வேண்டும்; ஓவியம் அவர்களிடம் இருந்தாலும் உரிமை பெரும்பாலும் ஓவியரிடமே இருக்கும்.