நாள்பட்ட வலி பத்தி பிசியோ அக்காகிட்ட கேளுங்க

கேள்வி: அக்கா, அம்மாவுக்கு 4 வருஷமா முதுகு வலி. டாக்டர் "ஸ்கேன்ல பெருசா ஒண்ணுமில்ல, நரம்பு சென்சிட்டிவ் ஆயிருக்கு"ன்னார். "அப்ப நான் நடிக்கிறேனா"ன்னு வீட்டுக்கு வந்து ஒரே அழுகை.

பதில்: பாவம்மா, நிறைய பேருக்கு அப்படித்தான் காதுல விழுது. வருஷக்கணக்கா வலிய தாங்கிட்டு வர்றவங்ககிட்ட மொதல்ல "உங்க வலி நிஜம்"னு சொல்லணும், அத சொல்லாம நரம்பு மூளைன்னு ஆரம்பிச்சா மனசு அங்கயே மூடிக்கும். 3 மாசத்துக்கு மேல நீடிச்சா நாள்பட்ட வலின்னு சொல்றோம். அடிபட்ட இடம் ஆறினாலும் தண்டுவடமும் மூளையும் சிக்னல பெருசாக்கிட்டே இருக்கலாம், கல்யாண வீட்டு மைக் செட்ல வால்யூம ஏத்திட்டா சின்ன கரகரப்பும் காத கிழிக்குமே அந்த மாதிரி. உலக சுகாதார நிறுவனத்தோட ஐசிடி-11ங்கற நோய்கள் பட்டியல்லயே நாள்பட்ட வலிக்கு தனி இடம் இருக்கு, அம்மாகிட்ட இத கண்டிப்பா சொல்லுங்க.

கேள்வி: எனக்கு 38 வயசு. முதுகு எம்ஆர்ஐ ஸ்கேன்ல தேய்மானம், டிஸ்க் பல்ஜ் (முதுகெலும்புக்கு நடுவுல இருக்கற மெத்தை மாதிரி டிஸ்க் பிதுங்கியிருக்கு)னு வந்ததுலேர்ந்து குனியவே பயம் மேடம்.

பதில்: அந்த ரிப்போர்ட் வார்த்தைங்கதான் பாதி பேர கட்டில்ல படுக்க வைக்குது, எனக்கு இதுல ரொம்ப வருத்தம். முதுகு வலியே இல்லாதவங்க ஸ்கேன எல்லாம் சேத்து பாத்த 2015 ஆய்வுல, 20 வயசுக்காரங்கள்லயே 37% பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்துச்சு, 80 வயசுல 96%. பயந்து அசையாம இருந்தா தசை இன்னும் பலவீனமாகும், அதனால கொஞ்சம் கொஞ்சமா குனிஞ்சு பழகுங்க. ஆனா கால் பலம் குறைஞ்சாலோ, மர்ம இடத்துல மரத்துப் போனாலோ, யூரின் மோஷன் கட்டுப்பாடு போனாலோ உடனே எமர்ஜென்சிக்கு ஓடுங்க.

கேள்வி: என் வலிக்கு காரணம் ஸ்ட்ரெஸ்னு டாக்டர் சொன்னதும் கோவத்துல எழுந்து வந்துட்டேன். தப்பா?

பதில்: கோவம் நியாயம்தான் தம்பி. டென்ஷனும் தூக்கமில்லாததும் வலிய ஏத்தும்ங்கறது உண்மை, அதுக்காக வலி கற்பனைன்னு ஆகாது. திரும்பப் போய் "எனக்கு புரியல, இன்னொரு தடவ சொல்லுங்க"ன்னு கேளுங்க.

கேள்வி: அப்பா இதெல்லாம் கேட்டுட்டு "நரம்புதானே, மாத்திரை எதுக்கு"ன்னு நேத்து ப்ரீகாபலின்ங்கற நரம்பு வலி மாத்திரைய நிறுத்திட்டார்.

பதில்: ஐயோ, அத அப்படி திடீர்னு நிறுத்தக் கூடாதுமா! தூக்கம் போகும், படபடப்பு வரும், சிலருக்கு வலிப்புகூட வரலாம். டாக்டர்தான் டோஸ படிப்படியா குறைப்பார், இன்னைக்கே அவருக்கு போன் போடுங்க.