நாடிக் கடிகாரம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மாமனார் வைத்திருந்த பழைய ஸ்டாப்வாட்ச் கைக்கடிகாரத்தின் ஓரத்தில் 200, 180, 160 என்று எண்கள் இறங்கிக்கொண்டே போகின்றன. '30 பல்சேஷன்ஸ்' என்றும் இருக்கிறது. எப்படிப் பார்ப்பது?
– வாசகி, கும்பகோணம்

அது பல்சோமீட்டர், நாடித் துடிப்பை அளக்கும் சுற்று. நாடி பார்க்கவென்றே ஒரு நிமிடம் ஓடும் கடிகாரத்தைச் செய்வித்தவர் இங்கிலாந்து மருத்துவர் ஜான் ஃப்ளோயர். 1707இல் அதைப் பற்றி எழுதினார். அவருடைய முறையில் நேரம் மாறாது, துடிப்பை எண்ண வேண்டும். உங்கள் கடிகாரத்தில் அது தலைகீழ்: துடிப்பு முப்பது என்று மாறாமல் நிற்கும், அதற்கு ஆன நேரத்தை முள் அளக்கும். வகுத்தல் கணக்கை டயலே போட்டு வைத்திருக்கிறது.

கடிகாரம் இடக் கையில் இருந்தால் இடக் கையின் ஆள்காட்டி விரலாலும் நடுவிரலாலும் நாடியைப் பிடியுங்கள். வலக் கை பொத்தானுக்கு. கட்டைவிரல் வேண்டாம், அதன் துடிப்பே குழப்பும். ஒரு துடிப்பில் பொத்தானை அழுத்தி மனதுக்குள் 'பூஜ்யம்' என்று சொல்லுங்கள். அடுத்த துடிப்புதான் 'ஒன்று'. முப்பதில் மறுபடி அழுத்துங்கள். முள் நின்ற இடத்து எண்ணே நிமிடத் துடிப்பு. 20 நொடியில் நின்றால் 90, 25இல் நின்றால் 72. ஒற்றைப் பொத்தான் கடிகாரமென்றால் மூன்றாவது அழுத்தலில் முள் 12க்குத் திரும்பும். இரண்டு பொத்தான் இருந்தால் அந்த வேலை கீழ்ப் பொத்தானுக்கு.

என் கடிகாரத்தில் இரண்டு சுற்று: நாடிக்கு 15, மூச்சுக்கு 5. மூச்சு மட்டும் எப்போதும் கூடுதலாகவே காட்டுகிறது. கடிகாரத்தில் பழுதா?
– செவிலியர், மன்னார்குடி

கடிகாரத்தைச் சந்தேகிக்கும் முன் எண்ணும் விதத்தைப் பாருங்கள். மார்பு முதலில் ஏறும்போதே 'ஒன்று' என்று தொடங்கினால், ஐந்தில் நிறுத்தும்போது கடந்திருப்பது நான்கு மூச்சுதான். நிமிடத்துக்கு 16 மூச்சு விடுபவருக்கு 20 என்று காட்டும். களத்தில் நெல் அளப்பவர் முதல் மரக்காலை 'லாபம்' என்பார்; அது ஒன்றின் இடத்தில் நிற்கும். இங்கே மார்பின் முதல் ஏற்றம் 'பூஜ்யம்', எண்ணிக்கையிலேயே சேராது.

நாடியிலும் இதே பிழை வரும், ஆனால் அளவு சிறியது. 72 துடிப்பு உள்ளவருக்கு 30 அளவுகோலில் 74, 75 வரும். 15 அளவுகோலில் 77. பொத்தானை அழுத்துவதில் தாமதமானாலும் அடி வாங்குவது 15தான். 120 துடிப்புக்கு அதில் 7.5 நொடிதான் ஆகும், 0.2 நொடி பிந்தினால் 117 ஆகிவிடும். 30 அளவுகோலில் 118க்குக் கீழே இறங்காது. அவசரத்துக்கு 15, சரியாக வேண்டுமென்றால் 30 என்பதே எங்கள் கட்சி.

இன்னொன்று: தன் மூச்சைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்தால் யாருக்கும் மூச்சு மாறும். நாடி பார்ப்பதுபோல் விரலை மணிக்கட்டிலேயே வைத்துக்கொண்டு மார்பைப் பாருங்கள்.

குழந்தைகளுக்கு இந்த ஐந்து மூச்சுச் சுற்றைத் தொடவே வேண்டாம். அவர்கள் மூச்சு சீராக இருக்காது. முழு நிமிடம் எண்ண வேண்டும். உலக சுகாதார நிறுவன அளவுப்படி இரண்டு மாதத்துக்குக் கீழ் 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40 – இவற்றைத் தொட்டாலே வேக மூச்சு. பெரியவர்களிலும் நாடி தப்பித் தப்பி அடித்தால் அளவுகோலை நம்பாமல் முழு நிமிடம் எண்ணுங்கள்.

மருத்துவம் படிக்கும் மகனுக்கு வாங்கிய கடிகாரத்தில் இருப்பது டேக்கிமீட்டராம். நாடி பார்க்க உதவாதா?
– வாசகர், தஞ்சாவூர்

உதவும். டேக்கிமீட்டர் என்பது 3600ஐ நொடியால் வகுத்த எண். ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு வண்டி போன வேகத்தைக் காட்டுவது. 30 துடிப்பு எண்ணிக் காட்டும் எண்ணில் பாதி எடுத்தால் நாடி. 15 எண்ணினால் கால் பங்கு. 30 துடிப்புக்கு 20 நொடி ஆனால் முள் 180இல் நிற்கும், நாடி 90.

நொடிமுள் மட்டும் உள்ள சாதாக் கடிகாரமே வார்டுக்குப் போதும். 15 துடிப்புக்கு 9 நொடி ஆனால் 100, 10க்கு 90, 12க்கு 75, 15க்கு 60 என்று மனப்பாடம் செய்தால் முடிந்தது. தோல் பட்டை மட்டும் வேண்டாம்: சித்திரை வியர்வையும் கைக்கு அடிக்கும் ஸ்பிரிட்டும் சேர்ந்து அதை வெடிக்க வைக்கும், அழுக்கும் தங்கும். முழங்கைக்குக் கீழே எதுவும் கூடாது என்கிற வார்டில் சட்டையில் குத்தும் கடிகாரம்தான் வழி. அதன் டயல் தலைகீழாகத் தொங்கும். குனிந்து பார்ப்பவருக்கு நேராகத் தெரியும்.

கிலோமீட்டர் என்று இன்னொரு சுற்றும் இருக்கிறதே?
– வாசகர், நாகப்பட்டினம்

அது டெலிமீட்டர், நோயாளிக்குச் சம்பந்தமில்லை. ஐப்பசி மழையில் மின்னல் வெட்டும்போது அழுத்தி, இடி கேட்கும்போது நிறுத்தினால் தூரம் சொல்லும். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறக்குறைய 3 நொடி.

பேட்டரி மாற்றியதிலிருந்து முள் 12க்குத் திரும்பாமல் ஒரு கோடு தள்ளி நிற்கிறது. பரவாயில்லையா?
– மருந்தாளுநர், மயிலாடுதுறை

கூடாது. 15 அளவுகோலில் ஒரு நொடி கூடினால் 100 உள்ளவருக்கு 90 காட்டும். பேட்டரி க்ரோனோகிராஃப்களில் (ஸ்டாப்வாட்ச் உள்ள கைக்கடிகாரங்களில்) பெரும்பாலானவற்றில் சாவிக் குமிழைக் கடைசி வரை வெளியே இழுத்து மேல் பொத்தானைத் தட்டினால் முள் ஒவ்வொரு படியாக நகரும். 12க்கு வந்ததும் குமிழை உள்ளே தள்ளி, ஒருமுறை ஓடவிட்டு நிறுத்தித் திருப்பிப் பாருங்கள். சாவி கொடுக்கும் கடிகாரத்தில் இந்த வசதி கிடையாது. முள்ளைக் கழற்றிப் பொருத்துவது ரிப்பேர் கடைக்காரர் வேலை.